கழுதை தண்ணீர் குடித்ததா

முனீஸ்வரி திருப்பூருக்குக் குடிபோகிறாள் என்ற செய்தி ஹெப்சிபாவுக்கு ஒரு சனிக்கிழமை பிற்பகல், அணில் படம் ஓடிக்கொண்டிருந்தபோது தெரிந்தது.

மதுரைத் தல்லாகுளத்தில் ஒரு தொண்டு நிறுவனத்தின் மாடிக்கூடம் அது. புதிதாகத் தொழில் தொடங்க விரும்பும் பெண்களுக்கு அங்கே சனிக்கிழமைதோறும் வகுப்பு நடக்கும். ஊறுகாய் போட்டு விற்க நினைப்பவர்கள், தையல் கடை வைக்க நினைப்பவர்கள், வீட்டில் கோபித்துக்கொண்டு சும்மா வந்து உட்கார்ந்திருப்பவர்கள் என்று எல்லாரும் இருப்பார்கள். ஹெப்சிபா அவர்களுக்குக் கார்ட்டூன் படம் போட்டுத்தான் பாடம் நடத்துவாள். சன்னல்களைச் சாத்தி, சுவரில் படத்தை ஓடவிட்டு, வேண்டிய இடத்தில் நிறுத்தி, "இந்த எடத்துல அது என்ன தப்பு பண்ணுச்சு, சொல்லுங்க" என்று கேட்பாள். இருட்டில் பெண்கள் கூச்சமில்லாமல் பதில் சொல்வார்கள்.

அன்றைக்குப் படத்தில் அணில் தன் சர்பத் கடையைத் திறக்கப்போகிற கட்டம். முனீஸ்வரி டீ ஊற்றிக் கொடுத்துவிட்டு, வாளியைக் கீழே வைத்து, ஹெப்சிபாவின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"டீச்சர், இந்த வைகாசியோட நான் நின்னுக்கிறேன்."

"எங்க நிக்கப்போற?" என்றாள் ஹெப்சிபா, சுவரைப் பார்த்தபடியே.

"தொழில்ல இருந்து. நாங்க திருப்பூர் போறோம். பவாவுக்கு அங்க ஸ்கூல் சொல்லியாச்சு."

சுவரில் பறவைக்கூட்டம் மேகம்போல மலையுச்சியில் இறங்கியது. பெண்கள் கை தட்டினார்கள். அதுதான் ஹெப்சிபா படத்தை நிறுத்தும் இடம். அவள் நிறுத்தினாள், விளக்கைப் போட்டாள், வழக்கம்போலப் பாடத்தைச் சொன்னாள். என்ன சொன்னோம் என்று பிறகு யோசித்தபோது அவளுக்கு ஒன்றும் நினைவில்லை.

ஹெப்சிபா முன்பு ஒரு மிஷன் பள்ளியில் ஆசிரியை. வேலையை விட்டுவிட்டு ஏதாவது தொழில் செய்யலாம் என்று இதே கூடத்துக்குத்தான் முதலில் மாணவியாக வந்தாள். பக்கத்து நாற்காலியில் சோழவந்தானிலிருந்து வந்த முனீஸ்வரி உட்கார்ந்திருந்தாள். முனீஸ்வரியின் அப்பாவுக்கு வெற்றிலைக் கொடிக்கால் உண்டு. பாடம் நடத்த வந்தவர் சந்தை, மூலதனம் என்று மெல்லிய குரலில் பேசிக்கொண்டே போனார். இரண்டு பேருமே கண்ணயர்ந்துவிட்டார்கள். விழித்ததும் முனீஸ்வரி காதோரம் சாய்ந்து, "அவரும் தூங்கிட்டுத்தான் பேசுறாரு டீச்சர், பயப்படாதீங்க" என்றாள். அந்தச் சிரிப்பில் தொடங்கியது அவர்கள் கூட்டு. பிற்பாடு தானே பாடம் நடத்தும் நிலை வந்தபோது, யாரும் தூங்கக்கூடாது என்றுதான் ஹெப்சிபா கார்ட்டூன் படங்களைத் தேடிப் பிடித்தாள்.

இருவரும் சேர்ந்து செய்தது தாம்பூலப் பைத் தொழில். கல்யாண வீட்டில் விருந்தாளிகள் கிளம்பும்போது கொடுக்கிற பை. துணிப்பை தைப்பது, மணமக்கள் பேர் அச்சடிப்பது, தேங்காய், பாக்கு, மஞ்சள் வாங்குவது எல்லாம் ஹெப்சிபாவின் பொறுப்பு. வெற்றிலை முனீஸ்வரியின் பொறுப்பு. மற்றவற்றை முந்தின நாளே பையில் போட்டுவிடலாம். வெற்றிலையை மட்டும் முகூர்த்தத்தன்று விடியற்காலையில் மண்டபத்துக்கே போய், ஈரத்துணியிலிருந்து எடுத்துப் போட வேண்டும். முன்பே போட்டால் வாடிவிடும். வாடின வெற்றிலையைக் கொடுத்தால் கல்யாண வீட்டார் மனசு என்ன பாடுபடும்.

ஆரம்பத்திலேயே ஹெப்சிபா ஒன்றைச் சொல்லிவிட்டாள். "முனீஸ், ஞாயித்துக்கெழம மட்டும் என்னால வரமுடியாது. ஆராதனை. சின்னப் பிள்ளையில இருந்து நான் விட்டதில்ல."

"அதுக்கென்ன டீச்சர். உங்க சாமிக்கு ஞாயிறு, எங்க சாமிக்குச் செவ்வா வெள்ளி. ஞாயித்துக்கெழமய நான் பாத்துக்கிறேன்" என்றாள் முனீஸ்வரி.

அப்போது முனீஸ்வரியின் கணவன் ஜெயபாண்டி சோழவந்தான் பக்கத்திலேயே மினிபஸ் ஓட்டிக்கொண்டிருந்தான். அவள் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கிளம்பிப் போவது யாருக்கும் பெரிய விஷயமாக இல்லை. பிறகு அந்த பஸ் நின்றுபோனது. அவன் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போனான். சனிக்கிழமை சம்பளம் வாங்கிக்கொண்டு ராத்திரி பஸ் ஏறுவான். ஞாயிறு சாயங்காலம் திரும்பிப் போவான்.

இதெல்லாம் ஹெப்சிபாவுக்குத் தெரிந்ததுதான். ஜெயபாண்டி ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஊருக்கு வருகிறான் என்று தெரியும். முனீஸ்வரி ஞாயிற்றுக்கிழமை மட்டும் தனியாக மண்டபத்துக்குப் போகிறாள் என்றும் தெரியும். இரண்டையும் அவள் ஒருநாளும் சேர்த்து நினைத்ததில்லை.

நல்ல மனசுக்காரிதான் ஹெப்சிபா. தனக்கு ஞாயிறு ஓய்வு என்றால் முனீஸ்வரிக்கும் ஓய்வு வேண்டுமே என்று எண்ணி, திங்கட்கிழமையை அவளுக்கு விடுமுறையாக விட்டிருந்தாள். திங்கட்கிழமை ஜெயபாண்டி திருப்பூரில் தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்திருப்பான்.

சபையின் பெண்கள் கூட்டத்தில் அவள் இதைச் சாட்சியாகவே சொல்லியிருக்கிறாள். "எத்தன ஞாயிறு முகூர்த்தம் வந்தாலும் நான் ஆலயத்த விட்டதில்ல. அதுக்கேத்த ஒரு ஆள கர்த்தர் எனக்குத் துணையா குடுத்தாரு. என் தொழில் கூட்டாளி ஒரு இந்துப் பொண்ணு. ஞாயித்துக்கெழமயெல்லாம் அவ சந்தோசமா பாத்துக்கிறா." எல்லோரும் ஆமென் சொன்னார்கள். ஆனிமேரி அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அணில் படத்துக்கு வருவோம். வெளிநாட்டில் எடுத்துத் தமிழில் குரல் கொடுத்த படம். மொட்டைமலை ஒன்றின் உச்சியில் ஓர் அணில் சர்பத் கடை வைக்க ஆசைப்படுகிறது. தூரதேசம் பறந்து போகும் பறவைகள் அந்த வழியாகத்தான் போகின்றன. அவற்றுக்குத் தாகம் எடுக்கும் இடம் அதுதான் என்று அது கண்டுபிடிக்கிறது. முதலில் கூரையைக் காற்று கொண்டுபோகிறது. குரங்கு பழங்களைத் திருடுகிறது. பறவைகள் கடையைப் பார்க்காமலே மேலே பறந்து போகின்றன. அணில் கடைசியில் ஒரு நீண்ட கம்பில் சிவப்புத் துணியைக் கட்டி நடுகிறது. கூட்டம் கூட்டமாகப் பறவைகள் இறங்குகின்றன.

வாடிக்கையாளருக்கு எங்கே தாகம் என்று பார், விழுந்தால் மறுபடி கட்டு, நீ இருப்பதை நாலு பேருக்குத் தெரியச் செய். ஹெப்சிபா இந்த மூன்றையும் பலகையில் எழுதுவாள்.

"மதுரையா இருந்தா ஜிகர்தண்டா போட்ருக்கும், இன்னும் கூட்டம் சேந்துருக்கும்" என்று முனீஸ்வரி பின்னாலிருந்து சொல்வாள். கூடமே சிரிக்கும்.

படத்தில் ஒரு கழுதையும் உண்டு. மலையடிவாரத்து ஓடையிலிருந்து உச்சிக்குத் தண்ணீர் சுமந்து வருவது அதுதான். ஒரு கால் லேசாக விந்தும். முதல் தடவை அந்தப் படத்தைப் போட்ட அன்றைக்கு, ஹெப்சிபா பாடத்தை முடித்து விளக்கைப் போட்டதும், முனீஸ்வரி கேட்டாள்.

"டீச்சர், அந்தக் கழுத கடைசியில தண்ணி குடிச்சுச்சா?"

"எந்தக் கழுத?"

"தண்ணி சொமந்துச்சே, அது. அம்புட்டுப் பறவையும் குடிச்சிருச்சு. அது குடிச்ச மாதிரி காட்டலையே."

"அது நம்ம பாடத்துக்குத் தேவையில்ல முனீஸ். நாம அணிலப் பாக்கணும்" என்றாள் ஹெப்சிபா. பெண்கள் சிரித்தார்கள். பையில் பேர் அச்சடிக்கும் வேலையைக் கற்றுக்கொள்ள வந்திருந்த கனகலட்சுமி, "முனீஸ் அக்காவுக்குக் கழுத மேலதான் பாசம்" என்றாள். அதற்குப் பிறகு அது ஒரு வேடிக்கையாகிவிட்டது. அணில் படம் போடும்போதெல்லாம் முனீஸ்வரி கேட்பாள், ஹெப்சிபா கையை ஆட்டி ஒதுக்குவாள், கூடம் சிரிக்கும். படத்தைக் கடைசிவரை ஓடவிட வேண்டும் என்று ஹெப்சிபாவுக்குத் தோன்றியதே இல்லை.

அந்தச் சனிக்கிழமை வீட்டுக்கு வந்ததும் ஹெப்சிபா கணவரிடம் விஷயத்தைச் சொன்னாள். லாசர் அரசு அலுவலகத்தில் எழுத்தர். சபைக் கமிட்டியிலும் இருக்கிறார். எதற்கும் பதறாதவர்.

"போறவங்கள நாம என்ன செய்ய முடியும். வேற ஆள் பாத்துக்கலாம்" என்றார்.

"ஆள் கெடைக்கும்ங்க. முனீஸ் கெடைக்க மாட்டா."

"பங்கு கூடக் கேக்குறாளோ?"

ஹெப்சிபாவுக்கும் அப்படித்தான் தோன்றியது. மறுநாள் ஞாயிறு ஆராதனை, திங்கள் விடுமுறை. செவ்வாய்க்கிழமை பைகள் தைக்கும் அறையில் முனீஸ்வரியைப் பிடித்துக்கொண்டாள். வரப்போகும் ஞாயிறுதான் வைகாசியின் கடைசி முகூர்த்தம். அதற்குள் அவள் மனசை மாற்றிவிட வேண்டும்.

"முனீஸ், உன் பங்கக் கூட்டிக்கலாம். உன் பேர முதல்ல போட்டு போர்டு வைக்கலாம். எதுனாலும் சொல்லு."

"பங்குக்கு ஒண்ணுமில்ல டீச்சர். நீங்க ஒருநாளும் கொறை வச்சதில்ல."

"பின்ன என்ன?"

முனீஸ்வரி ஈரத்துணியை உதறி வெற்றிலைக் கட்டின் மேல் போர்த்தினாள். "அவரு அங்க ஒத்தையில கெடக்காரு."

"வாராவாரம் வரத்தானே செய்றாரு?"

முனீஸ்வரி நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். ஏதோ சொல்லப்போகிற மாதிரி இருந்தது. "வாராரு டீச்சர்" என்று மட்டும் சொல்லிவிட்டு, இன்னொரு கட்டை எடுத்தாள்.

அந்தப் பார்வை ஹெப்சிபாவை விடவில்லை. சமைக்கும்போதும் ஜெபத்தில் கண்ணை மூடும்போதும் அது வந்து நின்றது. வெள்ளிக்கிழமை பிற்பகல் மறுநாள் வகுப்புக்காகக் கூடத்தைத் திறந்து, சன்னல்களைச் சாத்தி, ஏன் என்று தெரியாமலே அணில் படத்தைப் போட்டாள். பறவைகள் இறங்கும் இடத்தில் வழக்கமாகக் கை போகும். அன்றைக்கு நிறுத்தவில்லை. பறவைகள் குடித்தன, அணிலைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடின, மலையெல்லாம் விளக்கு எரிந்தது, குரங்குகூட மன்னிப்புக் கேட்டுவிட்டு ஒரு குவளை வாங்கிக் குடித்தது. படத்தில் வேலை செய்தவர்களின் பெயர்கள் வரிசையாக மேலே ஏறிப்போய்த் தீர்ந்தன. சுவர் வெள்ளையானது.

கழுதை எங்கேயும் வரவில்லை. கடை திறந்த காட்சிக்கு முன்னால் கடைசிக் குடத்தை இறக்கி வைத்ததோடு சரி. படம் எடுத்தவர்களும் அதை மறந்துவிட்டிருந்தார்கள்.

ஹெப்சிபா இருட்டில் கொஞ்சநேரம் உட்கார்ந்திருந்தாள். வைகாசி வெக்கை. சன்னலைத் திறக்கக்கூடத் தோன்றவில்லை. திங்கட்கிழமை விடுமுறை என்று தான் பெருமையாகச் சொன்னது நினைவுக்கு வந்தது. ஞாயிறு, திங்கள் என்று மனசுக்குள் சொல்லிப்பார்த்தாள். அப்புறம்தான் சேராமல் கிடந்த இரண்டும் சேர்ந்தன.

சனிக்கிழமை வகுப்பில் வேறு ஏதோ படத்தைப் போட்டுச் சமாளித்தாள். முனீஸ்வரி வரவில்லை, ஊரில் சாமான் கட்டும் வேலை. டீயை மட்டும் கடைப்பையனிடம் சொல்லி அனுப்பியிருந்தாள். வீட்டுக்கு வந்ததும் லாசரிடம், "நாளைக்கு நான் ஆலயத்துக்கு வரல. மண்டபத்துக்குப் போறேன்" என்றாள்.

லாசர் செய்தித்தாளைத் தாழ்த்தினார். "நாளைக்கு வேத பாடம் வாசிக்கிறது உன் முறையாச்சே."

"ஜெனி வாசிக்கட்டும்" என்று மகளின் அறைப்பக்கம் கை காட்டினாள்.

விடியுமுன் லாசரே வண்டியை எடுத்துக்கொண்டு போய் மாட்டுத்தாவணிக்கு அந்தப்பக்கம் மேலூர் சாலையில் இருந்த மண்டபத்தில் இறக்கிவிட்டார். பூ மார்க்கெட்டைக் கடக்கும்போது மல்லிகை மூட்டைகளின் மணம் சாலைவரை வந்தது. "சபை ஐயர் கேட்டா என்ன சொல்லட்டும்?" என்றார் லாசர்.

"உண்மையச் சொல்லுங்க. கல்யாண மண்டபத்துல வெத்தல போடுறான்னு."

வாசலில் காவலாளி பேயாண்டி பீடியை அணைத்துவிட்டு எழுந்தார். முனீஸ்வரி எங்கே என்று ஹெப்சிபா கேட்டாள்.

"தாம்பூலப் பை போடுற மாப்ளயோட வீட்டம்மாவா? பின்னால ஸ்டோர் ரூம்ல குடும்பத்தோட இருக்காக."

"குடும்பத்தோடயா?"

"ஆமா. இங்க ஞாயித்துக்கெழம முகூர்த்தம்னா மாப்ள திருப்பூர் பஸ்ல எறங்கி, பையும் கையுமா நேரா இங்கதான் வருவாப்ல. பொண்டாட்டியும் பிள்ளையும் சோழவந்தான்ல இருந்து வெத்தலையோட வந்துரும். மத்த மண்டபத்துலயும் அப்படித்தானாம். சமையக்காரப் பயலுக எல்லாருக்கும் தெரியும்."

ஹெப்சிபாவுக்குத்தான் தெரியாது.

ஸ்டோர் ரூம் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே அரிசி மூட்டைகளுக்கு நடுவே ஜெயபாண்டி சம்மணமிட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு பையாக வாய் திறந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தான். பக்கத்தில் அவனுடைய பயணப்பை இன்னும் திறக்காமல் கிடந்தது. முனீஸ்வரி எதிரே உட்கார்ந்து வெற்றிலையைத் துடைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். மகள் பவதாரிணி தேங்காய்ச் சாக்கில் தலைவைத்துத் தூங்கினாள். அவர்கள் ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஹெப்சிபாவைப் பார்த்ததும் ஜெயபாண்டி பதறி எழுந்தான்.

"வாங்க டீச்சர். இன்னைக்கு ஞாயித்துக்கெழமதான? நாந்தான் கெழம மாறி வந்துட்டேனா?"

"ஞாயித்துக்கெழமதாம்ப்பா. உக்காரு."

அவள் சேலையை ஒதுக்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்து ஒரு பையை எடுத்தாள். ஜெயபாண்டியால் வாய் மூடி இருக்க முடியவில்லை. அவன் சிரிக்கச் சிரிக்கப் பேசுகிறவன்.

"எங்களுக்கு இது பழகிப்போச்சு டீச்சர். வாராவாரம் கல்யாணச் சாப்பாடு. எங்க கம்பெனியில பொறாமப்படுறாங்க. ஞாயித்துக்கெழம என்ன மாப்ள சாப்ட்டனு கேட்டா, வடை பாயாசம்பேன். கடைசிப் பந்தியில மூணு பேரும் வரிசையா உக்காந்துருவோம். பொண்ணு வீட்டுக்காரங்க எங்கள மாப்ள வீடுன்னு நெனப்பாங்க, மாப்ள வீட்டுக்காரங்க பொண்ணு வீடுன்னு நெனப்பாங்க. நல்ல மரியாத."

"சும்மா இருங்க" என்றாள் முனீஸ்வரி, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"அட, சொல்ல விடு. அதவிடக் கூத்து டீச்சர், ஸ்கூல்ல இந்தப் பிள்ளைகிட்ட, ஞாயித்துக்கெழம உங்க வீடு எப்படி இருக்கும்னு படம் வரையச் சொல்லியிருக்காங்க. இவ மணவறைய வரஞ்சு, பக்கத்துல நான் வாழ இலை போடுற மாதிரி வரஞ்சு வச்சிருக்கா. அந்த டீச்சரு என்னைய சமையக்காரருன்னு நெனச்சுக்கிட்டு, அவுக வீட்டு விசேசத்துக்குக் கூப்புட்டாங்க."

கணவனும் மனைவியும் சிரித்தார்கள். ஹெப்சிபாவும் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. அவள் வீட்டில் ஆராதனை முடிந்து வந்ததும் லாசர் கறி நறுக்குவார், ஜெனி தேங்காய் அரைப்பாள், மூவரும் சேர்ந்து சாப்பிட்டுவிட்டு மின்விசிறிக்குக் கீழே பாய் போட்டுப் படுப்பார்கள். அந்த நிம்மதிக்கு அவள் வாரந்தோறும் நன்றி சொல்லியிருக்கிறாள். அது எங்கிருந்து வந்தது என்று பார்த்ததில்லை. கடவுள் ஓய்வுநாளை வைத்தபோது அவளுக்கு மட்டும் என்று வைக்கவில்லையே. அவளுடைய ஓய்வின் பாரத்தை இந்த ஸ்டோர் ரூமில் ஒரு குடும்பம் சிரித்துக்கொண்டே சுமந்திருக்கிறது.

"முனீஸ், இனிமே ஞாயித்துக்கெழம நான் வாரேன். இல்ல, ஞாயித்துக்கெழம முகூர்த்தமே நமக்கு வேணாம். போகாத."

முனீஸ்வரியின் கை நின்றது. "வீடு பாத்துப் பாலும் காச்சியாச்சு டீச்சர். பவாவுக்குப் புதுச் சட்ட கூட எடுத்தாச்சு."

"ஒரு வார்த்த எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே."

"எப்படிச் சொல்றது? நீங்க மொதல்லயே சொல்லிட்டீங்க, சாமி விசயம்னு. உங்க சாமிய விட்டுட்டு வாங்கன்னு நான் சொன்னா, அது பாவமில்லயா? சொல்லலாமா வேணாமானு இருந்தேன். அப்புறம் நீங்களாப் பாப்பீங்கன்னு இருந்தேன்."

"கழுதையக் கேட்டியே."

முனீஸ்வரி தலையைக் குனிந்துகொண்டாள்.

"வெள்ளிக்கிழம நான் படத்தக் கடைசிவரைக்கும் பாத்தேன் முனீஸ். அது குடிக்கல. அதக் காட்டவே இல்ல."

"தெரியும் டீச்சர்."

"தெரியுமா?"

"நீங்க மொதத் தடவ படம் போட்டீங்கல்ல, அன்னைக்கே பவா செல்லுல தேடிப் போட்டுட்டா. ரெண்டு பேரும் முழுசா பாத்தோம். பவா அழுதுட்டா."

"தெரிஞ்சுக்கிட்டேதான் எங்கிட்டக் கேட்டியா? ஒவ்வொரு தடவயும்?"

"ஒருநா நீங்க, வா, பாப்போம்னு சொல்ல மாட்டீங்களான்னுதான்." சொன்னதும் அது அதிகமாகப் போய்விட்டது என்று நினைத்தாளோ என்னவோ, உடனே முகத்தை மாற்றிக்கொண்டாள். "அதுக்காக என்னையக் கழுதங்காதீங்க டீச்சர். இந்தாளுக்குத் தெரிஞ்சா திருப்பூர் பூராவும் சொல்லுவாரு."

"நான் ஏற்கெனவே சொல்லிட்டேன்" என்றான் ஜெயபாண்டி.

ஹெப்சிபா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். எதையும் திருப்பித் தரமுடியாது. போன ஞாயிறுகள் போனவைதான். ஆனால் இந்த ஞாயிறு இன்னும் விடிந்துகொண்டிருந்தது.

"கெளம்புங்க" என்றாள்.

"எங்க?"

"சோழவந்தானுக்கு. போற வழியில கறி எடுத்துட்டுப் போங்க. வீட்டுல சமச்சு, வீட்டுல சாப்புடுங்க. மிச்ச வெத்தலய நான் போட்டுக்கிறேன்."

"ஒத்தையிலயா? பாதிகூட முடியல டீச்சர். பந்திக்குள்ள முடியாது. வாசல்ல நின்னு வேற குடுக்கணும்."

"நீ ஒத்தையில போட்டதில்லயா?"

"நான் எங்க ஒத்தையில போட்டேன்" என்று முனீஸ்வரி ஜெயபாண்டியைப் பார்த்தாள்.

ஜெயபாண்டி மறுத்துப் பார்த்தான். ஹெப்சிபா பவதாரிணியை எழுப்பித் தோளில் சாய்த்துக்கொண்டாள். பிள்ளை கண்ணைத் திறந்து அவளைப் பார்த்து, "டீச்சரம்மா, நீங்களும் பாயாசம் சாப்புட வந்தீங்களா?" என்றது.

"ஆமாடா. நீ இன்னைக்கு உங்க வீட்டுல சாப்புடு."

"எங்க வீட்டுலயா? அப்பா இருக்கப்பவா?"

அந்தக் கேள்விக்குப் பிறகு யாரும் மறுக்கவில்லை. மூன்று பேரும் பின்கேட் வழியாகப் போனார்கள். ஜெயபாண்டி பயணப்பையைத் தூக்கிக்கொண்டான். முனீஸ்வரி கேட்டருகே திரும்பி நின்று, "துணி காயவிடாதீங்க டீச்சர், தெளிச்சுக்கிட்டே இருங்க" என்றாள். ஹெப்சிபா தலையாட்டினாள்.

அவள் வேகம் போதவில்லை. விரல்கள் வெற்றிலையைக் கிழித்தன. கொஞ்சநேரத்தில் பேயாண்டி எட்டிப்பார்த்தார். "மாப்ள போயிட்டாப்லயா?" என்றவர், கையைக் கழுவிவிட்டு வந்து எதிரே உட்கார்ந்து, பைகளைத் திறந்து பிடித்தார். தாலி கட்டும் மேளம் கேட்டபோதும் அவர்கள் போட்டுக்கொண்டுதான் இருந்தார்கள்.

ஆலயத்தில் மணி அடித்திருக்கும் நேரத்தில் ஹெப்சிபா மண்டப வாசலில் நின்று, கிளம்புகிறவர்களுக்குப் பை கொடுத்துக்கொண்டிருந்தாள். முகம் தெரியாதவர்கள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு போனார்கள். ஒரு பாட்டையா பையைப் பிரித்து வெற்றிலையை முகர்ந்து பார்த்து, "பச்சையா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். அவள் ஜெபம் செய்ய முயன்றாள். வார்த்தை வரவில்லை. முனீஸ்வரியின் பெயரும் அந்தப் பிள்ளையின் பெயரும்தான் வந்தன.

சாயங்காலம் வீடு வந்தபோது லாசரும் ஜெனியும் சாப்பிடாமல் காத்திருந்தார்கள். கைபேசியில் ஒரு படம் வந்திருந்தது. எழுத்து ஒன்றும் இல்லை. சோழவந்தான் வீட்டுத் தரை, ஒரு மூலையில் கட்டி வைத்த சாமான் மூட்டைகள், நடுவில் மூன்று தட்டு. பவதாரிணி வாய் நிறையச் சோற்றோடு சிரித்துக்கொண்டிருந்தாள். அந்த வாரத்திலேயே வீடு காலியாகிவிட்டது.

அடுத்த சனிக்கிழமை ஹெப்சிபா அணில் படத்தைப் போட்டாள். பறவைகள் இறங்கின. பெண்கள் கை தட்டிவிட்டு, விளக்கு எரியும் என்று காத்திருந்தார்கள். எரியவில்லை. படம் ஓடிக்கொண்டே இருந்தது. பெயர்களெல்லாம் ஏறித் தீர்ந்து சுவர் வெள்ளையானதும் அவள் விளக்கைப் போட்டாள்.

"கடைசியில ஒண்ணும் இல்லயே டீச்சர்" என்றாள் கனகலட்சுமி. "இதுல எது பாடம்?"

ஹெப்சிபா சுண்ணக்கட்டியை எடுத்தாள். பலகை முன்னால் நின்றாள். எழுதாமல் திரும்பி அவர்களைப் பார்த்துக் கேட்டாள். "அந்தக் கழுத தண்ணி குடிச்சுச்சான்னு யாராச்சும் பாத்தீங்களா?"

பழைய வேடிக்கை என்று எண்ணிச் சிலர் சிரித்தார்கள். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு அடங்கியது. பின்வரிசையில் இருந்த இருளாயி, தோசைமாவுக் கடை வைக்க வந்தவள், கூடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"இன்னைக்கு டீ வரலயே டீச்சர். முனீஸ் அக்கா எங்க?"

ஹெப்சிபா சுண்ணக்கட்டியை வைத்துவிட்டு, டீ வாளியை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள்.